கற்றாழையும் எட்டணா வழுக்கையும்

என் மகள் இடது பக்கம் வகிடு எடுப்பவள். எட்டு வயதுவரை அவளுக்கு நேர் வகிடுதான். இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன். 2003-ஆம் ஆண்டின் கடைசியில் வகிடு இடம் மாறியது. வலப்பக்க உச்சியில் எட்டணாக் காசு அளவுக்கு ஓரிடத்தில் அவளுக்கு முடி கிடையாது. இனி வரவும் வராது. இடப்பக்கம் வகிடெடுத்துக் கூந்தலை வலப்பக்கமாகத் தள்ளிச் சீவினால் வெளியே தெரியாது. காற்றடித்தால் தெரியும்.

அந்த இடத்தில் மயிர்க்கால்கள் அழிந்ததற்குக் காரணம் ஒரு பூஞ்சைக் காளான். அவை அழியும்வரை நான் டாக்டரிடம் போகாமல் இருந்ததற்குக் காரணம் சோற்றுக் கற்றாழை. இன்னும் சரியாகச் சொன்னால், சோற்றுக் கற்றாழையின் மேல் எனக்கு இருந்த நம்பிக்கை.

இதைக் கற்றாழைக்கு எதிரான வழக்கு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஜோத்பூரில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் இன்றும் நான்கு தொட்டிகளில் அது இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமைகூட ஒரு மடலை வெட்டித் தலைக்குத் தேய்த்துக்கொண்டேன். ஆனால் அந்தச் செடிக்கும் எனக்கும் இடையில் ஒரு கணக்கு இருக்கிறது. அது 1987-ல் ஆரம்பித்தது.

அப்போது நான் நாங்குநேரிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். டைஃபாய்டு வந்து மூன்று வாரம் படுக்கையில் கிடந்தேன். காய்ச்சல் விட்டு, உடம்பு தேறி, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்து முடி கொட்ட ஆரம்பித்தது. கொட்டியது என்றால் சீப்பில் நாலு முடி அல்ல. தலைக்குக் குளித்தால் கை நிறைய வரும். காலையில் தலையணை உறையைப் பார்க்கவே பயமாக இருக்கும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு பின்னலையும் அளந்துவிட்டுப் போகிற ஊர் அது. அம்மா ராத்திரியெல்லாம் அழுவாள்.

ஆச்சி அழவில்லை. வேலி ஓரத்துக்குப் போய் நாலு மடல் அறுத்துக்கொண்டு வந்தாள். அறுத்த பக்கம் கீழே இருக்கும்படி அவற்றைச் சுவரில் சாய்த்து நிறுத்தினாள். அரை மணி நேரத்தில் தரையில் மஞ்சளாக ஒரு திரவம் கட்டி நின்றது. அது தோலில் பட்டால் அரிக்கும், வயிற்றுக்குள் போனால் பேதியாகும் என்று தொட விடமாட்டாள். பிறகு ஓரத்து முள்ளைச் சீவி, தோலை உரித்து, உள்ளே இருக்கும் கண்ணாடிச் சோற்றை எடுத்து ஏழு தண்ணீரில் அலசுவாள். ஏழு என்றால் ஏழுதான், ஆறு கிடையாது. ஒரு மடலை மட்டும் நீளவாக்கில் பிளந்து நடுவில் வெந்தயத்தை வைத்து நூலால் கட்டிவிடுவாள். மறுநாள் காலையில் வெந்தயம் ஊறிப் பருத்திருக்கும். அதை அரைத்து, சோற்றோடு தேங்காயெண்ணெயில் போட்டுக் காய்ச்சுவாள். சடசடவென்று பொரிகிற சத்தம் அடங்கினால் எண்ணெய் பதம். வெள்ளிக்கிழமை எண்ணெய், செவ்வாய்க்கிழமை வெறும் சோறு.

எங்கள் வாசல் நிலையில் திருஷ்டிக்காக ஒரு கற்றாழை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மண் கிடையாது, தண்ணீர் கிடையாது. மாதக்கணக்கில் பச்சையாகவே இருந்தது. ஒருமுறை மேல்நோக்கி வளைந்து பூத்தண்டுகூட விட்டது. ஆச்சி அதைத்தான் எனக்குச் சாட்சியாகக் காட்டுவாள்: "ஏட்டி, மண்ணும் தண்ணியும் இல்லாம உசிரோட கெடக்கிற செடி. ஒன் தலையில நாலு முடி மொளைக்க வைக்காதா?"

ஆறு மாதத்தில் முடி கொட்டுவது நின்றது. நெற்றி ஓரத்தில் குட்டி முடிகள் கிளம்பின. ஒன்றரை வருடத்தில் பின்னல் பழைய தடிமனுக்கு வந்துவிட்டது. ஆச்சி ஜெயித்தாள். அதற்குப் பிறகு எந்த அழகுக் குறிப்பும், எந்த ஷாம்பூ விளம்பரமும் என்னை அசைக்கவில்லை.

1993-ல் கல்யாணமாகி ஜோத்பூர் வந்தபோது டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு கற்றாழைக் கன்றும் ரயில் மாறி மாறி வந்தது. கணவருக்கு ரயில்வேயில் வேலை. டிக்கெட் பரிசோதகர் உள்பட எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பாலைவனத்தில் செடி கிடைக்காது என்று நான் நினைத்திருந்தேன். பாலைவனத்துக்குக் கற்றாழையைச் சுமந்துகொண்டு போன பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மாஸாதான் விஷயத்தை உடைத்தார். மாஸா என்றால் மார்வாடியில் அம்மா. வயதில் மூத்தவர், அந்த வரிசையில் எல்லோருக்குமே அவர் மாஸா. என் தொட்டியைப் பார்த்து, "க்வார்பாட்டாவா? இதையா மதராஸிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தாய்?" என்று கேட்டுவிட்டு, அன்று மதியமே ஒரு கிண்ணம் கொண்டு வந்தார். முள் சீவி, துண்டு போட்டு, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, கசப்புத் தண்ணீரைக் கொட்டி, எண்ணெயில் வெந்தயமும் சோம்பும் தாளித்த கற்றாழைப் பொரியல்! மார்கழிக் குளிரில் அதையே கோதுமை மாவு, நெய், சர்க்கரையோடு சேர்த்து லட்டு பிடிப்பார்கள். மூட்டு வலிக்கு நல்லதாம். ஆச்சிக்குத் தலைக்கு மருந்து, மாஸாவுக்குத் தட்டில் காய்கறி. இருவரும் அந்த மஞ்சள் பாலை மட்டும் ஒரே மாதிரி வெறுத்தார்கள்.

ஜோத்பூரில் அப்போது எங்களுக்குக் கிடைத்தது உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது. சீயக்காய் தலையில் திட்டுத் திட்டாக நிற்கும். காற்றில் ஈரமே இல்லை. ஆறே மாதத்தில் என் முடி தேங்காய் நாராகிவிட்டது. மாஸா முல்தானி மிட்டியைத் தயிரில் குழைத்துத் தேய்க்கச் சொன்னார். நான் அதற்குப் பிறகு கற்றாழைச் சோற்றைத் தடவிப் பார்த்தேன். உச்சந்தலை இறுக்கம் விட்டது. வெள்ளை வெள்ளையாக உதிர்வது குறைந்தது. மாஸாவின் மருமகள்கள் என்னிடம் வந்து செய்முறை கேட்டார்கள். ஆச்சியின் ஏழு தண்ணீரை ஜோத்பூரில் மூன்றாகக் குறைத்துக்கொண்டேன். தண்ணீர் லாரி வாரம் இரண்டு முறைதான்.

1995-ல் பிறந்த என் மகளுக்கு ஆரம்பத்திலிருந்தே அடர்த்தியான முடி. அவளுக்கு வேறு எதையும் நான் தேய்த்தது கிடையாது.

2003 ஜூலை. பள்ளி திறந்து சில வாரம் ஆகியிருந்தது. பின்னும்போது வலப்பக்கம் ஒரு இடத்தைச் சொறிந்துகொண்டே இருந்தாள். விலக்கிப் பார்த்தேன். பெரிய பொட்டு அளவில் முடி மெலிந்திருந்தது. தோலில் சாம்பல் நிறத்தில் செதில். அன்று ராத்திரி அம்மாவிடம் போனில் சொன்னேன். "புழுவெட்டாத்தான் இருக்கும். அது தானா மொளைச்சிரும். கத்தாழையைத் தடவு" என்றாள்.

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு இது பிற்பாடு தெரிந்தது. புழுவெட்டில் புழுவும் கிடையாது, வெட்டும் கிடையாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மயிர்க்கால்களையே தாக்குவதால் வருவது. அந்த இடம் வழவழவென்று மொட்டையாக இருக்கும், செதில் இருக்காது. சிறிய திட்டுகள் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் தானாகவே மூடிக்கொள்ளும். அதனால்தான் அதற்குச் சொல்லப்படும் எந்த வைத்தியமும் பலித்துவிடுகிறது. என் மகளின் தலையில் செதில் இருந்தது. அரிப்பு இருந்தது. அது புழுவெட்டு அல்ல, படர்தாமரை. கையில் காலில் வந்தால் வட்டம் போட்டுக்கொண்டு பரவுமே, அதே கூட்டம். பெரியவர்களுக்குத் தலையில் வருவது அபூர்வம். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீப்பு, தொப்பி, கிளிப் வழியாக எளிதாக ஒட்டிக்கொள்ளும்.

நான் கற்றாழையைத் தடவினேன். இரண்டே நாளில் அரிப்பு அடங்கியது. ஈரம் பட்டுச் செதில் ஊறிக் கழன்றுவிட்டது. மூன்றாவது வாரம் அந்த இடத்தைப் பார்த்தபோது கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள் தெரிந்தன. புது முடி முளைக்கிறது என்று கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஆச்சி அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள் என்று வேறு சொன்னேன்.

அந்தப் புள்ளிகள் முளைக்கிற முடி அல்ல. ஒடிந்த முடி. காளான் முடியின் உள்ளே புகுந்து அரித்து, தோல் மட்டத்தில் முறித்துப் போட்ட அடிக்கட்டைகள். மருத்துவப் புத்தகங்களில் தலைப் படர்தாமரையின் ஒரு வகைக்குக் 'கரும்புள்ளி' என்றே பெயர். டாக்டருக்கு நோயைக் காட்டிக்கொடுக்கிற அடையாளத்தை நான் குணமாகிற அடையாளம் என்று கொண்டாடினேன். அதைக் கொண்டாடியபடியே இன்னும் ஐந்து வாரம் தடவினேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை அந்த இடம் வீங்கியிருந்தது. மறுநாள் தொட்டால் மெத்தென்று சீழ் கோர்த்த கட்டி. பிடரியில் நெறி கட்டி, காய்ச்சல். ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்கு ஓடினோம்.

டாக்டர் இளம்பெண். வீட்டில் பூனைக்குட்டி, கன்றுக்குட்டி உண்டா, யாருக்காவது படை உண்டா என்று கேட்டார். பிறகு, "எத்தனை நாளாக இருக்கிறது?" என்றார்.

"இரண்டு வாரம்" என்றேன்.

என் மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை. அந்தப் பார்வை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

டாக்டர் இடுக்கியால் ஓரத்திலிருந்து ஒரு முடியை இழுத்தார். வெண்ணெயிலிருந்து வருவதுபோல் வந்தது, பிள்ளை முகம் சுளிக்கவில்லை. அதையும் கொஞ்சம் செதிலையும் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டு பொட்டாஷியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். அரை மணி நேரத்தில் பதில் தெரிந்துவிட்டது. மாத்திரையின் பெயர் கிரிசியோஃபுல்வின், எட்டு வாரம். கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாக ஏறும், அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு பாலோடு கொடுக்கச் சொன்னார். சீப்பு, ரிப்பன், தலையணை உறை எல்லாவற்றையும் வெந்நீரில் போடச் சொன்னார்.

களிம்பு போதாதா என்று கேட்டேன். போதாது என்றார். காளான் இருப்பது தோலின் மேலே அல்ல, முடியின் உள்ளே, மயிர்க்காலின் ஆழத்தில். மேலே தடவுகிற எதுவும், மருந்துக் கடைக் களிம்பே ஆனாலும், அங்கே எட்டாது. மாத்திரை ரத்தத்தின் வழியாக வேருக்குப் போய், வளர்கிற முடியோடு சேர்ந்து மேலே வரவேண்டும். அதற்குத்தான் வாரக்கணக்கு. சீழ் கட்டியபடி வீங்குவது உடம்பு காளானோடு போடுகிற சண்டை. அந்தச் சண்டையில் மயிர்க்கால்கள் நசுங்கி, அந்த இடம் தழும்பாகிவிடலாம். எவ்வளவு மிஞ்சும் என்று போகப் போகத்தான் தெரியும்.

மிஞ்சாதது எட்டணா.

மாத்திரை ஆரம்பித்த அதே வாரம் இன்னொன்றும் தெரிந்தது. இரண்டு வீடு தள்ளி இருந்த என் மகளின் சிநேகிதிக்கும் தலையில் ஒரு திட்டு. இருவரும் கிளிப்புகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். அவள் அம்மாவுக்குக் கற்றாழைச் சமையல் தெரியும், வைத்தியம் தெரியாது. பார்த்த மூன்றாம் நாளே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பெண்ணும் அதே மாத்திரையைத்தான் சாப்பிட்டாள். தீபாவளிக்குள் அவளுக்கு முழுவதும் முளைத்துவிட்டது. அவளுக்கு அது யாரிடமிருந்து போயிருக்கும் என்று அந்த அம்மா ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை. நான் ஜெல் தடவிக்கொண்டிருந்த எட்டு வாரமும் என் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டுதான் இருந்தாள்.

மூன்றாவது தடவை போனபோது டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். இரண்டு வாரம் இல்லை, எட்டு வாரம். கற்றாழை போட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஃபைலில் எதையோ திருத்தி எழுதிவிட்டுச் சொன்னார்: "கற்றாழை உங்கள் பெண்ணுக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. அரிப்பை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். அரிப்பு நிற்காமல் இருந்திருந்தால் முதல் வாரமே வந்திருப்பீர்கள்."

அந்தச் செடி வேலை செய்யவில்லை என்றால் எனக்குப் பிரச்னை இருந்திருக்காது. அது வேலை செய்தது. எந்த வேலையைச் செய்யத் தெரியுமோ அதைச் சரியாகச் செய்தது. அரிப்பு போனது நோய் போனதாகாது என்று எனக்குத்தான் தெரியவில்லை. இயற்கை வைத்தியத்தை மட்டும் இதில் குற்றம் சொல்லவும் முடியாது. இன்று படர்தாமரைக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிறார்களே, ஸ்டீராய்ட் கலந்த டியூப், அதுவும் இதையேதான் செய்கிறது. சிவப்பு அடங்கும், அரிப்பு அடங்கும், கீழே காளான் பரவும். கடந்த பத்துப் பதினைந்து வருடமாக இந்தியா முழுவதும் தோல் டாக்டர்கள் மருந்துக்கு மசியாத படர்தாமரையோடு மல்லுக்கட்டுவதற்கு இந்த டியூப்களும் ஒரு காரணம்.

அதற்குப் பிறகுதான் நான் படிக்க ஆரம்பித்தேன். முதலில் தெரிந்துகொண்டது 1987-ஐப் பற்றி. நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. ஒவ்வொன்றும் சில வருடம் வளர்ந்து, சில மாதம் ஓய்வெடுத்து, விழுந்து, திரும்ப முளைக்கும். தினமும் 50 முதல் 100 விழுவது சகஜம். கடும் காய்ச்சலோ பிரசவமோ வந்தால் ஏராளமான முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து எல்லாம் சேர்ந்து விழும். பார்க்கிறவர்களுக்குக் காய்ச்சலின் ஞாபகமே இருக்காது, அதனால் எண்ணெயை மாற்றியதால், தண்ணீரை மாற்றியதால் என்று காரணம் தேடுவார்கள். மயிர்க்காலுக்குச் சேதமில்லை என்பதால் ஆறு மாதத்துக்குள் கொட்டுவது நின்று, முடி தானாகத் திரும்பி வரும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வளர்ந்து பழைய பின்னலாக ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும்.

ஆச்சியின் வைத்தியத்துக்கு ஆன காலமும் அதுதான். அவள் வெந்தயம் கட்டியிருக்காவிட்டாலும் என் முடி வந்திருக்கும். இதை ஜீரணிக்க எனக்கு நாளாயிற்று. வாசலில் தொங்கிய செடியின் ரகசியமும் அப்படித்தான் உடைந்தது. மடல் நிறையத் தண்ணீர். வெயிலில் மூடிவைத்து, ராத்திரியில் மட்டும் இலைத்துளைகளைத் திறக்கிற வழக்கம். சேமித்ததைச் செலவழிக்காமல் இருப்பதால் அது உயிரோடு இருக்கிறது. தன் ஈரத்தைக் காப்பாற்றத் தெரிந்த செடிக்கு என் மயிர்க்காலைப் பற்றி எதுவும் தெரியவேண்டிய அவசியமில்லை.

அப்படியானால் அது எதற்குத்தான் உதவும்? பொடுகுக்கும் உச்சந்தலை எரிச்சலுக்கும் உதவும். இது பாட்டி வைத்தியப் பேச்சு மட்டுமல்ல. 1999-ல் இஸ்ரேல் டாக்டர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எண்ணெய்ப் பசையுள்ள இடங்களில் சிவந்து செதில் உதிர்கிற ஒருவகைத் தோல் அழற்சி உள்ள 44 பேர். பாதிப் பேருக்குக் கற்றாழைக் குழம்பு, பாதிப் பேருக்குக் கற்றாழை இல்லாத அதே மாதிரிக் குழம்பு. யாருக்கு எது என்று தடவியவருக்கும் தெரியாது, பார்த்த டாக்டருக்கும் தெரியாது. நான்கு முதல் ஆறு வாரம். கற்றாழை போட்டவர்களில் 58 சதவீதம் பேருக்குக் குறைந்தது, மற்றவர்களில் 15 சதவீதம் பேருக்கு. சின்ன ஆய்வுதான். ஆனால் ஜோத்பூரில் முதல் வருடம் என் தலை எனக்குச் சொன்னதும் அதுதான். முடி முளைக்க வைக்கும் என்பதற்கு இப்படி ஒரு ஆதாரத்தை நான் பார்த்ததில்லை.

கடைக் குப்பிகளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. '99 சதவீதம் கற்றாழை' என்று பச்சை நிறத்தில் ஜெல் விற்கிறார்கள். நிஜக் கற்றாழைச் சோற்றுக்கு நிறமே கிடையாது. அதில் 99 சதவீதம் தண்ணீர் என்பது வேறு விஷயம். 2016-ல் அமெரிக்காவில் ஒரு செய்தி நிறுவனம் சில பெரிய கடைகளின் ஜெல்களைப் பரிசோதனைக்கு அனுப்பியபோது அவற்றில் கற்றாழையின் அடையாள ரசாயனங்களே அகப்படவில்லை. பின்கட்டில் தொட்டி வைக்க இடமிருப்பவர்கள் இந்தக் கவலை எதுவும் இல்லாமல் இருக்கலாம். சரியான செடியா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ரயில்பாதை ஓரங்களில் வளர்கிற ரயில் கற்றாழை வேறு ஜாதி. அதன் சாறு பட்டால் தோல் தடித்துச் சிவந்து எரியும். ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு இதை நான் எத்தனையோ புது மருமகள்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

நான் இன்றும் செய்வது ஆச்சி செய்ததில் பாதி. அடி மடலாகப் பார்த்து ஒன்று வெட்டுவேன். மஞ்சள் பால் வடிய அரை மணி நேரம் நிறுத்துவேன். உரித்து, அலசி, மிக்ஸியில் ஒரு சுற்று. புது ஆளாக இருந்தால் முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டுப் பார்க்கச் சொல்வேன், சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. உச்சந்தலையில் தேய்த்து அரை மணி நேரம் கழித்து அலசிவிடுவேன். மிச்சத்தை வைத்துக்கொள்வதில்லை, சீக்கிரம் நிறம் மாறிக் கெட்டுவிடும். எண்ணெய் காய்ச்சுவதை விட்டுவிட்டேன். பொடுகை உண்டாக்குகிற நுண்ணுயிர் எண்ணெய்ப் பசையில்தான் செழிக்கும் என்று படித்த பிறகு பொடுகு இருக்கும்போது எண்ணெயைத் தொடுவதில்லை. ஆச்சி கேட்டால் கோபித்துக்கொள்வாள்.

பள்ளிக்கூடத்தில் என் மகளைச் சில பிள்ளைகள் 'கஞ்ஜி' என்று கூப்பிட்டார்கள். மொட்டைச்சி என்று அர்த்தம். கொஞ்ச நாள் தலையில் துணி கட்டிக்கொண்டு போனாள். பிறகு அவளே கண்ணாடி முன்னால் நின்று, சீப்பை வைத்து அளந்து அளந்து, வகிட்டை இடப்பக்கம் நகர்த்தினாள். நான் உதவி செய்யப் போனபோது வேண்டாம் என்றாள். அவள் தலையை யாரும் தொடக்கூடாது என்பது காலேஜ் போகிறவரை இருந்தது. என்னையும் சேர்த்துத்தான்.

இப்போது புனேயில் வேலை பார்க்கிறாள். கடந்த தீபாவளிக்கு வந்தவள் இரண்டாம் நாள் பின்கட்டுக்குப் போய் அவளாகவே ஒரு மடலை வெட்டிக்கொண்டு வந்து சுவரில் சாய்த்தாள். ஹெல்மெட் போட்டுப் போட்டுத் தலை அரிக்கிறதாம். அரை மணி நேரம் கழித்து முக்காலியை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் கிண்ணத்தை எடுத்தேன்.

"மொதல்ல பாரும்மா. அப்புறம் தடவலாம்" என்றாள்.

முக்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்தச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்தில், வகிடு வகிடாக எடுத்துத் தலை முழுவதும் பார்த்தேன். எட்டணா இருந்த இடத்தில் எட்டணா இருந்தது. மற்ற இடத்தில் பொடுகு மட்டும்தான்.